உதட்டில் கவ்விய முயல்

என் வேதாகமத்தின் ஜிப் உறைக்குள், பின்னட்டையை ஒட்டிய மடிப்பில், ஒரு தீப்பெட்டிப் படம் இருக்கிறது. சிவப்புக் கட்டத்துக்குள் மஞ்சள் புல், புல்லின் நடுவே தலையைத் திருப்பிப் பார்க்கும் ஒரு புலி. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் நிறம் அதிகம் போகவில்லை. நான் அதை வெளியே எடுத்துப் பார்த்தது அவ்வளவு குறைவு. கீழ் ஓரத்தில் மட்டும் விரல் நுனி அளவுக்கு ஈரம் பட்டுக் காய்ந்து, சிவப்புச் சாயம் கலங்கியிருக்கிறது. அந்தக் கறை பழையதல்ல. போன மாதம்தான் வந்தது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல, அந்தப் படம் என் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

படத்தைக் கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்துவிட்டு, வேலைக்காகக் காத்திருந்த இரண்டு வருடம் எங்கள் வீட்டில் இருந்தார். எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது, அவருக்கு இருபத்து நான்கோ ஐந்தோ. காட்டுப்பாக்கத்தில் நெல் வயலை மனை பிரித்து விற்ற இடத்தில் எங்கள் தெரு புதிதாக முளைத்திருந்தது. முடிந்த வீடு நான்கு, முடியாத வீடு ஆறேழு, மற்றதெல்லாம் நெருஞ்சியும் ஜல்லிக் குவியலும். வீட்டு எண் கிடையாது. கல்லில் எழுதிய மனை எண்ணையும் மழை அழித்துவிட்டது. விலாசம் தேடி வருகிறவர் தெருவில் கண்ணில் படும் ஆளைக் கேட்டால்தான் உண்டு. தெருமுனையில் ஒரு மாவு மில். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவரிடம்கூட வாயைக் காதருகே கொண்டுபோய்த்தான் பேச வேண்டும்.

வேலை இல்லாத மாமாவுக்குப் பகல் மிக நீளமாக இருந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரைச் சேர்த்து அவரே ஒரு ஆட்டத்தை உண்டாக்கினார். அதற்கு உருமாறி என்று பெயர். டீக்கடை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் கிடக்கும் காலித் தீப்பெட்டிகளைப் பொறுக்கி வந்து, தம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, மேல் படத்தைக் கிழியாமல் உரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பார். மான், கிளி, யானை, குதிரை, முயல். பழைய தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் விதிகளை எழுதி மாட்டியிருந்தார். ஃபிட்டர் படித்தவர் என்பதால் ஒவ்வொரு விதியும் அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். ஆளுக்கு மூன்று படம். எந்தப் படத்தை உதட்டில் கவ்விக்கொள்கிறோமோ அந்த மிருகமாகிவிடுவோம், அதன் சக்தி நமக்கு வந்துவிடும். மானை வேடன் தொட்டுவிட்டாலும் மூன்று தாவலுக்குள் தப்பித்தால் செல்லும். யானை கட்டிமுடிக்காத சுவரைச் சுற்றிப் போக வேண்டாம், அதன்மேல் ஏறி நேராகவே போகலாம். கிளி உயரமான இடத்தில் நின்றால் இருபது எண்ணும்வரை யாரும் தொடக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் படத்தை மாற்றி வேறு மிருகம் ஆகலாம். ஆனால் மாற்றுகிற அந்த நொடியில் நாம் வெறும் மனிதர், அப்போது பிடிபட்டால் போச்சு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெரிய விதி உண்டு. மிருகமாக இருக்கும்போது மனிதப் பேச்சு கூடாது. பேசினாலோ சிரித்தாலோ படம் உதட்டிலிருந்து விழும், உருவம் கலையும், மணல் குவியலில் போய் உட்கார வேண்டும்.

வேடன் எப்போதும் மாமாதான். தெருமுனையில், மில்லுக்கு ஒட்டினாற்போல இருந்த முடியாத வீட்டுக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு வரை எண்ணுவார். மில் ஓடுகிற நேரத்தில் மட்டும்தான் ஆட்டம். நாங்கள் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று காலடிச் சத்தத்தை வைத்து அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது அல்லவா, அதனால். வேடன் ஆயுதமே எடுக்க மாட்டார். கிட்டே வந்து, மில் சத்தத்துக்கு மேல் கத்தி, வாயாலேயே கலைப்பார்.

“ஏய் மானு, உன் ட்ராயருல பின்னாடி ஓட்ட கீதுடா, காட்டுக்கே தெரியுது பாரு!”

மான் சிரித்துவிடும், படம் விழுந்துவிடும். “இன்னா யானை இது, மூக்கு ஒழுவுது! தும்பிக்கைய சீந்திட்டு வாம்மா” என்பார். யானையும் மணல் குவியலுக்குப் போய்விடும்.

என்னை மட்டும் அவரால் கலைக்க முடியவில்லை. நான் பேசாத பெண். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வாய் வராமல் கையைத் தூக்குவேன். கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் தானாகப் பார்த்துக் கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன். மற்ற எல்லா இடத்திலும் குறையாக இருந்தது இந்த ஆட்டத்தில் என் பலமாகிவிட்டது. முயலுக்கு மாமா கொடுத்திருந்த சக்தி, குத்துக்காலிட்டு அசையாமல் இருந்தால் வேடன் கண்ணில் பட்டாலும் படாத மாதிரிக் கடந்து போக வேண்டும் என்பது. ஓடத் துடிக்கும் பிள்ளைகள் யாருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்காகவே அவர் அந்த விதியை எழுதினார் என்று இப்போது தோன்றுகிறது. நான் செங்கல் அடுக்கின் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மாமா என்னைச் சுற்றிச் சுற்றி வருவார்.

“அங்க இன்னாது, மொசலா? இல்ல எங்கக்கா தொவைக்கப் போட்ட துணியா? துணி மாரிதான் கீது.”

எனக்குச் சிரிப்பு வயிற்றில் முட்டும். உதடு அசையாது. கடைசிவரை கலையாமல் இருப்பது பெரும்பாலும் நான்தான். “எங்க செட்லயே பெரிய ஆளு மொசலு தாண்டா” என்று மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். பத்து ஆட்டத்தில் கடைசிவரை நிற்பவருக்குப் புலிப் படம் என்று அறிவித்திருந்தார். புலி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரே ஒரு தடவை அவருக்குக் கிடைத்ததாம். நான் அதுவரை ஒன்பது ஆட்டத்தில் நின்றிருந்தேன்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது மாமாவின் வேலையைப் பற்றித்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அவர் நான்கு முறை போய் நின்று, பக்கத்துக் கம்பெனி ஃபோர்மேனைப் பிடித்து, மாமாவுக்கு ஒரு டெஸ்ட் ஏற்பாடு செய்தார். மாமா ஒரு இரும்புத் துண்டை அராவிக் கொடுத்துவிட்டு வந்தார். ஃபோர்மேன் அதைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, இடம் காலியாகும்போது ஆளனுப்புகிறேன், ஆள் வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சொன்னாராம். எங்கள் தெருவில் போன் கிடையாது. ஆவடியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்கள். நிலையான வேலை என்று ஒன்று வந்ததும் நிச்சயம் செய்யலாம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அந்த அக்காவின் போட்டோவை மாமா காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். விதிகளைப் படிப்பதுபோல அதைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஜெபக் குறிப்புகளை வாசிக்கும்போது ‘ஒரு சகோதரியின் தம்பிக்கு நிலையான வேலை கிடைக்க’ என்ற வரி தவறாமல் வரும். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சின்னப் பிள்ளை, ஒன்றும் புரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது சொல்ல முன்வந்தால் அதை நான் ஏற்றுக்கொள்ள முடியாது.

அன்று பத்தாவது ஆட்டம். காலை பத்தரை இருக்கும். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா முடியாத வீட்டுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தார். மற்றவர்கள் ஏரிக்கரைப் பக்கமும் பனைமரத்துப் பக்கமும் போய்ப் பதுங்கிவிட்டார்கள். நான் எங்கள் வீட்டுக்கு எதிரே, செங்கல் அடுக்கின் ஓரம், முயல் படத்தை உதட்டில் கவ்விக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தேன்.

ஒரு சைக்கிள் வந்து என் முன்னால் நின்றது. வந்தவர் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர். கண் சிவந்திருந்தது, பேன்ட்டில் எண்ணெய்க் கறை, கேரியரில் டிபன் டப்பா. ஹேண்டில்பார் சரியாக என் முகத்துக்கு நேரே இருந்தது. பெல்லின் கிண்ணம் கழன்று போய், உள்ளே இருக்கும் துருப்பிடித்த சக்கரம் மட்டும் தெரிந்தது. இன்று வரைக்கும் அந்தச் சக்கரத்தின் பற்கள் என் கண்முன் இருக்கின்றன. மில் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று அவர் குனிந்து பேசினார்.

“பாப்பா, இங்க ஃபிட்டர் படிச்ச பையன் ஒருத்தன் கீறானாமே, அக்கா ஊட்ல தங்கிகினு. அவன் ஊடு எது?”

நான் அசையவில்லை.

“உன்னத்தாம்மா கேக்கறேன். வாயில இன்னா பேப்பரு? துப்பு கண்ணு.”

அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போய் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினார். ஒன்று எங்கள் வீடு. யாரும் வரவில்லை. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“வாய் பேச வராதா கண்ணு உனக்கு? காது கேக்குதுல்ல? பெரியவங்க யாராச்சும் வந்தா எப்டியாச்சும் புரிய வை. மூணு மணி ஷிஃப்டுக்கு அவன் வந்துரணும். ஃபோர்மேன் சொல்லி அனுப்ச்சாரு. இன்னிக்கு உட்டா வேற ஆளப் போட்ருவாங்க.” சொல்லிவிட்டுத் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார். “நசரத்பேட்டை போறவன் இத்தினி சுத்திகினு வந்து, வாய் பேசாத பொண்ணுகிட்ட சேதி சொல்லிகினு கீறேன் பாரு.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போனார். அந்தப் பக்கம் வீடே இல்லை. அவர் முதுகு அங்கே சின்னதாகிக்கொண்டு போகும்போது, தெருவின் இந்த முனையில் மாமா எண்ணி முடித்துவிட்டு, கைகளைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்தது நான் ஒருத்திதான். பேச வேண்டாம், கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். முயல் கையை நீட்டக் கூடாது என்று காலண்டர் அட்டையில் எந்த விதியும் இல்லை. அசைந்தால் வேடன் தொட்டுவிடுவார், அவ்வளவுதான். ஒன்பதோடு நின்றுபோயிருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் முடிந்தது. நான் கலையவில்லை. மாமா புலிப் படத்தை எல்லோர் முன்னாலும் என் கையில் வைத்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடினார். அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அந்த உயரத்திலிருந்து நான் ஏரிப் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அம்பத்தூர் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்றரைக்குக் கிளம்பினால் மூன்றுக்குப் போய்விடலாம். சாப்பிட்டுவிட்டு மாமா கூடத்தில் பாயில் படுத்து, முகத்தில் செய்தித்தாளை மூடிக்கொண்டு தூங்கினார். மூச்சுக்கு மூச்சு தாள் ஏறி இறங்கியது. நான் அவர் தலைமாட்டில் போய் நின்றேன். உதட்டில் படம் இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டது. எந்த விதியும் என்மேல் இல்லை. ‘மாமா, ஒரு ஆள் வந்தாரு’ என்று நான்கு சொல். அதைச் சொன்னால் ‘நீ இன்னா சொன்ன?’ என்று கேட்பார்கள். ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று கேட்பார்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை ஆனது. இரண்டானது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்து, “மாமாவ எழுப்பாத, தூங்கட்டும்” என்றாள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதும்போதே கை கூசுகிறது. மூன்று மணிக்கு மில்லை நிறுத்தினார்கள். தெருவே சட்டென்று அமைதியானது. மாமா அந்த அமைதியில் விழித்து, “இன்னா மொசலு, தூங்கல?” என்றார்.

அன்று நான் விதிக்காகப் பேசாமல் இருக்கவில்லை. பேசப் பயந்துதான் இருந்தேன். விதி எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது, அவ்வளவுதான். இதைப் பத்து வயதிலேயே, அந்தப் பாயருகே நிற்கும்போதே எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா ஃபோர்மேனைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்தார்.

“ஆளு ஊடு தேடி வந்துகீறான்யா! புதங்கெழம காலைல. கதவத் தட்டியிருக்கான். தெருவுல வாய் பேசாத பொண்ணு ஒன்னு குந்திகினு இருந்துச்சாம், அத்தத் தவிர ஒருத்தரும் இல்லையாம். வேற ஆளப் போட்டாச்சு.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “நம்ம தெருவுல வாய் பேசாத பொண்ணு யாருங்க கீது?”

நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மாமாவின் கண் ஒரே ஒரு முறை என்மேல் வந்து பட்டது. பட்டுவிட்டுத் தரைக்குப் போனது. புதன்கிழமை காலை பத்தாவது ஆட்டம் நடந்தது அவருக்குத் தெரியாதா?

“பக்கத்துத் தெருவா இருக்கும் அத்தான்,” என்றார் அப்பாவிடம். “நான்தான் பசங்கள வெச்சிகினு வெளாண்டுகினு இருந்துட்டேன். என் தப்பு.”

“கல்யாணம் பண்ற வயசுல புலி வேசம் கட்டிகினு ஆடிகினு கீறான்! இவனுக்குப் போய் நாலு வாட்டி கைகட்டி நின்னேன் பாரு, என்னத்தான் செருப்பால அடிக்கணும்.”

அப்பா நெடுநேரம் பேசினார். மாமாவின் உதடு அசையாமல் மூடியிருந்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்து ‘நான்தான்’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வேலை போனது போனதுதான், ஆனால் அவர்மேல் விழுந்த பேச்சாவது என்மேல் விழுந்திருக்கும். சொல்லவில்லை. மறுநாள் காலண்டர் அட்டை ஆணியில் இல்லை. அதன் பிறகு ஆட்டம் நடக்கவே இல்லை. மாமா என்னை மொசலு என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். பாப்பா என்றார், முன்பைவிட அன்பாகவே. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஆவடிப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். மாமா பூந்தமல்லியில் ஒரு லாரி ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தார், பிறகு டிரைவர் ஆனார், முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டார். அராவிப் பிடித்து அளவுக்குக் கொண்டுவரும் அந்தக் கையால் அவர் படித்த வேலையை ஒருநாளும் செய்யவில்லை. அப்பா சாகும்வரை அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் “அந்தப் புலி வேசக்காரன்” என்றுதான் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பத்தாவது முடித்து, துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பட்டன் தைக்கப் போனேன். அங்கே பேசாமல் வேலை செய்கிறவள் என்று நல்ல பெயர். கல்யாணமான வீட்டிலும் ‘கூச்ச சுபாவம்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் துருப்பிடித்த அந்தப் பெல் சக்கரம் கண்முன் வந்துவிடும்.

போன மாதம் என் மகன் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடைய ஆள் காட்டுக்குள் ஓடிக்கொண்டே கரடியானான், பிறகு பருந்தானான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நான் எதையாவது விசாரிப்பது அபூர்வம் என்பதால் அவன் சந்தோஷமாக விளக்கினான்.

“கரடியா மாறினா அடி தாங்கும்மா. பருந்தா மாறினா மேல இருந்து எல்லாத்தையும் பாக்கலாம். ஆனா மிருகமா இருக்கசொல்ல பேச முடியாது, மந்திரம் சொல்ல முடியாது. அதான் ரூல்.”

“நடுவுல யாராச்சும் வந்து எதனா கேட்டா?”

“பட்டன அமுக்கினா மனுசனா ஆயிடலாம்மா. ஒரு செகண்டு கூட ஆவாது.”

மறுநாள் காலை வேதாகமத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஐயப்பன்தாங்கல் போனேன். மாமா இப்போது அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அறுபதைத் தாண்டிவிட்டார், கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில், நீலச் சட்டையில், மடியில் வருகைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எந்த வீடு எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வதுதான் அவர் வேலை. என்னைப் பார்த்ததும் தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் அவர் உட்கார்ந்துகொண்டார்.

சொன்னேன். கோவையாகச் சொல்ல வரவில்லை. சைக்கிள், டிபன் டப்பா, மூன்று மணி, பாய் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். புலிப் படத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓரங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். டெஸ்ட் கொடுத்த அன்று அந்த இரும்புத் துண்டையும் இப்படித்தான் தடவியிருப்பார்.

“அடப்பாவி, இத்த இன்னும் வெச்சிகினு கீறியா,” என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ ஒன்னு பாப்பா. அந்தாளு பெல் அடிச்சது எனக்கும் கேட்டுச்சு. எண்ணிகினு இருந்தேனா, இருநூறு தாண்டியாச்சு, முடிச்சிட்டு போலாம்னு உட்டுட்டேன். வெளிய வந்தா ஆளக் காணோம். தப்பு என்னுது. நீ எதுக்கு அத்தப் போய் இத்தினி வருசம் சொமந்துகினு கீற?”

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வந்தது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று புலிப் படத்தை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். கவ்விக்கொண்டு, நரைத்த புருவத்தை உயர்த்தி, கண்ணால் சிரித்தார்.

அப்போது ஒரு பையை முதுகில் மாட்டிய இளைஞன் பைக்கை நிறுத்தினான். “அண்ணாத்தே, சி பிளாக் எங்க கீது?” மாமா படத்தை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இளைஞனும் என்னைப் பார்த்தான். சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, “உள்ள போயி லெஃப்ட்டுல” என்றேன். “இன்னாம்மா? சத்தமா சொல்லுங்க” என்றான். இன்னொரு முறை சொன்னேன். அவன் போனதும் மாமா படத்தை உதட்டிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தார். “பஸ்ல கூட்டம் ஏறுறதுக்குள்ள கெளம்பு மொசலு” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் கீழ் ஓரம் ஈரமாக இருந்தது, சிவப்பு கொஞ்சம் கலங்கியிருந்தது. அதை உலரவிட்டு, பழைய இடத்தில் வைத்து ஜிப்பை மூடினேன். அந்த சைக்கிளில் அடிப்பதற்குப் பெல் இல்லை. மில் ஓடிக்கொண்டிருந்தது, மில் ஓடினால் அந்த வீட்டுக்குள் எதுவும் கேட்காது, அதற்காகவே அவர் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாவது முறையும் எனக்காக ஒரு பொய் சொன்னார். ‘உங்களுக்குக் கேட்டிருக்காது மாமா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படம் அவர் உதட்டில்தான் இருந்தது, என் உதட்டில் இல்லை. அதையும் சொல்லாமலே வந்துவிட்டேன்.